கூறு மீனும் தனிப் பாரையும்: கூடைப்பந்து ஃபான்டஸி லீக்கில் ட்ரேட் பேசுவது

வணக்கம் நேயர்களே.

குளிர்காலத்தில் நியூயோர்க்கில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) ஆட்டம், திருகோணமலையில் அடுத்த நாள் விடிய 5.30க்குத் தொடங்கும். வள்ளம் கரைக்கு வந்து மீன் கூறு போடுகிற நேரம் அது. அந்த நேரத்திலே எழும்பி, தன் ஃபான்டஸி அணிக்கு எத்தனை ரீபவுண்ட் விழுந்தது என்று கைத்தொலைபேசியில் பார்க்கிறவர்களுக்கானது இன்றைய பேச்சு. ட்ரேட், அதாவது வீரர்களை ஆளுக்காள் மாற்றிக்கொள்வது, எப்படிப் பேசுவது, மற்றவர்கள் செய்த ட்ரேட்டை எப்படி எடைபோடுவது என்பதுதான் விடயம்.

புதியவர்களுக்கு இரண்டு வரி. நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, என்.பி.ஏ. வீரர்களை ஆளுக்கு 13 பேர் அளவில் பங்கிட்டு எடுப்பார்கள். அந்த வீரர்கள் நிஜ ஆட்டத்தில் எடுப்பதெல்லாம் உங்கள் கணக்கில் சேரும். பரவலாக உள்ள முறையில் 9 பிரிவுகள்: புள்ளி, ரீபவுண்ட் (விழாத எறிகையின் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (புள்ளிக்கு வழிவிடும் பாஸ்), ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் (எறிகையைத் தடுப்பது), மூன்று புள்ளி எறிகை, ஃபீல்ட் கோல் வீதம் (ஆட்டத்தில் எறிந்ததில் விழுந்த வீதம்), ஃப்ரீ த்ரோ வீதம் (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் தனி எறிகையில் விழுந்த வீதம்), டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது). கடைசிப் பிரிவில் மட்டும் குறைந்தவர் வெல்வார். பல லீக்குகளில் வாரத்துக்கு ஒருவரோடு மோதுவீர்கள், 5 பிரிவை வென்றால் அந்த வாரம் உங்களுடையது.

ட்ரேட்டில் பலரும் சறுக்குவது பெயரைப் பார்த்து விலை போடுவதில்தான். பெயர் எந்தப் பிரிவையும் வென்று தராது. 2024-25 பருவத்தில் அட்லாண்டாவின் டைசன் டானியல்ஸ் ஆட்டத்துக்கு 14 புள்ளி அளவில்தான் எடுத்தார். ஆனால் ஸ்டீல் சராசரி 3. வாரத்தில் 4 ஆட்டம் என்றால் 12 ஸ்டீல். ஸ்டீலில் வாரா வாரம் ஒன்று இரண்டால் தோற்கிற அணிக்கு, 25 புள்ளி எடுக்கிற பெரிய பெயரைவிட அவர் பெறுமதியானவர். ஸ்டீலில் ஏற்கெனவே முன்னிற்கிற அணிக்கு அதே ஆள் பாதி விலைதான் பெறுவார். ஆகவே, யார் பெரிய ஆள் என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். இவர் வந்தால் என் அணி எந்தப் பிரிவில் தோல்வியிலிருந்து வெற்றிக்கு மாறும், எதில் வெற்றியிலிருந்து தோல்விக்கு இறங்கும் என்று கேளுங்கள். அதைக் கொப்பியில் எழுதிப் பாருங்கள். மனக்கணக்கு ஏமாற்றும்.

அதிகம் ஏமாற்றுவது வீதக் கணக்கு. மில்வோக்கி அணியின் யானிஸ் அண்டெடோகும்போ 2023-24இல் ஆட்டத்துக்கு 30.4 புள்ளி எடுத்தார், ஃபீல்ட் கோல் 61 வீதத்துக்கு மேல். ஆனால் ஃப்ரீ த்ரோ 65.7 வீதம், அதுவும் ஆட்டத்துக்குப் பத்துக்கு மேல் எறிந்து. இதன் பாரத்தைப் பாருங்கள். உங்கள் அணி வாரத்தில் 160 ஃப்ரீ த்ரோ எறிந்து 128 போடுகிறது, அது 80 வீதம். இப்போது 4 ஆட்டத்தில் 40 எறிந்து 26 போடுகிற ஒருவர் வருகிறார். மொத்தம் 200க்கு 154, அதாவது 77 வீதம். ஒரே ஆளால் 3 வீதப் புள்ளி இறங்கிவிட்டது. இதைச் சரிக்கட்ட, 90 வீதம் போடுகிற ஒருவரை எடுக்கலாம் என்று நினைப்பீர்கள். அவர் ஆட்டத்துக்கு இரண்டு தடவைதான் எறிகிறார் என்றால் வாரம் முழுக்க 8 எறிகை. 77 வீதம் 77.5 ஆகும், அவ்வளவுதான். வீதத்தோடு எறிகை எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்காதவர் கண்ணைக் கட்டிக்கொண்டு பேரம் பேசுகிறார்.

அதே யானிஸ், ஃப்ரீ த்ரோ பிரிவை முற்றாகக் கைவிட்ட அணிக்குத் தங்கம். அந்த அணிக்கு அவருடைய குறை குறையே இல்லை. ஒரு பிரிவை வேண்டுமென்றே விடுவதைப் பண்ட் என்பார்கள். ஒன்றை விடலாம், இரண்டையும் விடலாம். மூன்றை விட்டால் மீதி ஆறில் ஒன்றைத்தான் தோற்க முடியும். அப்படி ஆடுவதை நான் ஒருவருக்கும் சொல்ல மாட்டேன்.

இனி, இரண்டு பேரைக் கொடுத்து ஒருவரை வாங்குவது. சந்தையில் கூறு மீனும் தனிப் பாரையும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். கூறு கண்ணுக்கு நிறையத் தெரியும். சட்டியில் இடம் எவ்வளவு என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒவ்வொரு செயலுக்கும் இத்தனை புள்ளி என்று கூட்டுகிற லீக்கில் கணக்குச் சுலபம். ஆட்டத்துக்கு 28, 26 தருகிற இருவரைக் கொடுத்து 42 தருகிற ஒருவரை வாங்குகிறீர்கள் என்று வைப்போம். 54 கொடுத்து 42 வாங்கியது நட்டம் போலத் தெரியும். ஆனால் உங்கள் அணியில் ஓர் இடம் காலி. வேவரில் ஒருவருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கிற ஆள் 20 தருவார் என்றால், 42உம் 20உம் 62. உங்களுக்கு 8 இலாபம். எதிர்ப்பக்கம் இருவரை ஏற்க இடமில்லாமல் 21 தருகிற ஒருவரை வெளியே விட வேண்டும். அவர் கையிலிருந்து போவது 63, வருவது 54. அவருக்கு 9 நட்டம்.

ஆனாலும் இது எப்போதும் இப்படி வராது. 14 பேர் லீக்கில் வேவர் வறண்டு கிடக்கும். அங்கே கிடைப்பவர் 14தான் தருவார் என்றால் உங்கள் இலாபம் 2ஆகச் சுருங்கும். எதிர்ப்பக்கத்தில் இரண்டு பேர் காயத்தில் படுத்து, அவர்களுடைய இடம் வாரக்கணக்கில் ஒன்றும் தராமல் கிடந்தால், அவருக்குக் கூறு மீன்தான் சரி. அதனால்தான் பேரம் பேச முதல் அவருடைய அணியைத் திறந்து, கடைசி மூன்று பெயரைப் பாருங்கள் என்கிறேன். இருவரை ஏற்றால் யாரை விடுவார் என்று உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து, இரண்டு வாரமாக வெளுத்து வாங்குகிற வீரர். அவரைக் கேட்கும்போது மூன்று எண்ணைப் பாருங்கள்: களத்தில் நின்ற நிமிடம், எறிந்த எண்ணிக்கை, விழுந்த வீதம். நிமிடமும் எறிகையும் கூடியிருந்தால் அது நீடிக்கும். பயிற்றுநர் வேலையைக் கூட்டியிருக்கிறார். வீதம் மட்டும் கூடியிருந்தால் இறங்கும். மூன்று புள்ளி எறிகையில் பேர்போன ஸ்டீபன் கரியின் வாழ்நாள் சராசரியே சுமார் 42 வீதம். 55 வீதம் போடுகிற ஒரு கார்ட் (பந்தை நடத்தி வெளியே நின்று ஆடுகிறவர்) உங்கள் கையில் இருந்தால், விற்க அதுதான் நேரம். வாங்க அல்ல.

காயச் செய்தியையும் பாருங்கள். என்.பி.ஏ. அணிகள் காயப் பட்டியலை ஆட்டத்துக்கு முந்தைய நாள் உள்ளூர் நேரம் மாலை 5 மணிக்குள் கொடுக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு நாள் ஆடும்போது இரண்டாம் நாளுக்கு மட்டும் விதி வேறு. நியூயோர்க்கின் மாலை 5 மணி குளிர்காலத்தில் எங்களுக்குப் பின்னிரவு 3.30. படுக்க முதல் சம்மதித்த ட்ரேட்டில் விடியும்போது ஒரு கால் நொண்டியிருக்கக் கூடும். முதல் நாளே ஆம் சொல்லாதீர்கள், காலையில் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். உங்கள் ஆளின் காயம் உங்களுக்குத் தெரிந்திருந்தால், மறைக்காமல் சொல்லிப் பேசுங்கள். ஒரே லீக்கில் ஆண்டாண்டாக முகம் பார்க்க வேண்டிய ஆட்கள் நீங்கள்.

சரி, பேச்சு எப்படித் தொடங்குவது? ஆப்பில் ட்ரேட்டை நேரே அனுப்பாதீர்கள். வெறும் அறிவித்தலாக வருகிற ட்ரேட்டை ஆட்கள் யோசிக்காமல் மறுப்பார்கள். முதலில் ஒரு செய்தி போடுங்கள். “மச்சான், உன்ர ரீமில பிளாக் தாராளம், அசிஸ்ட்தான் காணாது. என்னட்டக் கார்ட் கூட. ரெண்டு பேரைச் சொல்லுறன், ஒராளை எடு. உன்ர சென்டர்மாரில ஒராளைப் பற்றிக் கதைப்பம்.” (சென்டர் என்றால் கூடைக்குக் கிட்ட ஆடுகிற உயரமான ஆள்.) இதில் மூன்று வேலை நடக்கிறது. அவருடைய குறையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரிகிறது. தெரிவு அவர் கையில் இருக்கிறது. விலை இன்னும் வெளியே வரவில்லை. வயதில் மூத்தவர் என்றால் “அண்ணை, நீங்கள்” என்று எழுதுங்கள், கணக்கு அதேதான்.

முதல் விலை நியாயத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கலாம், அவமானமாக இருக்கக் கூடாது. தன் பெஞ்சின் கடைசி ஆளைக் கொடுத்து மற்றவருடைய முதல் தெரிவைக் கேட்டவரோடு ஒருவரும் மறுபடி பேச மாட்டார். மறுத்தால் கோபிக்காமல், “எதுக்கு மனம் வரேல்ல?” என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் அடுத்த விலை இருக்கிறது. நேரமும் முக்கியம். ஞாயிறு இரவு ஆட்டங்கள் எங்களுக்குத் திங்கள் காலைதான் முடியும். 5க்கு 4 என்று அசிஸ்டில் வாரத்தைத் தோற்றவர், திங்கள் மத்தியானம் அசிஸ்ட் தரும் கார்ட்டைப் பற்றிக் காது கொடுத்துக் கேட்பார்.

என்.பி.ஏ. அணிகளுக்கிடையே நிஜ ட்ரேட் நடந்தாலும் கொஞ்சம் பொறுங்கள். 2025 பெப்ரவரியில் லூக்கா டொன்சிச் டலஸிலிருந்து லேக்கர்ஸுக்குப் போனார், அன்தனி டேவிஸ் டலஸுக்கு வந்தார். டலஸில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே டேவிஸ் காயப்பட்டு வாரக்கணக்கில் வெளியே இருந்தார். செய்தி வந்த அன்றே அவருக்கு முழு விலை கொடுத்திருந்தால் அந்த வாரங்கள் கையை விட்டுப் போயிருக்கும்.

கடைசியாக, மற்றவர்களின் ட்ரேட்டை எடைபோடுவது. ஒருபக்கம் சாய்ந்த ட்ரேட் எல்லாம் கள்ள ட்ரேட் அல்ல. ஒருவர் தவறாகக் கணித்தால் அது அவருடைய உரிமை. அதை வீட்டோ செய்வது, அதாவது வாக்குப் போட்டுத் தடுப்பது, அவருடைய அணியை நீங்கள் ஆடுவது போன்றது. வீட்டோவுக்கு ஒரே காரணம் கூட்டுச் சதி. அதற்கு அடையாளம் உண்டு. பிளேஓஃப் (பருவக் கடைசியில் வரும் இறுதிச் சுற்று) வாய்ப்பு இழந்தவர், பெறுமதியில்லாத ஓர் ஆளை வாங்கிக்கொண்டு நல்ல வீரரை நண்பருக்குக் கொடுப்பது ஒன்று. ஒரு வாரத்துக்கு இரவல் கொடுத்துத் திருப்பி வாங்குவது இன்னொன்று. ட்ரேட்டுக்கு வெளியே காசு கைமாறுவது மூன்றாவது. சந்தேகம் வந்தால் வாக்கெடுக்க முதல், இது உன் அணிக்கு எந்தப் பிரிவில் உதவும் என்று கொடுத்தவரிடம் கேளுங்கள். நேர்மையாகச் செய்தவர் ஒரு நிமிடத்தில் பதில் சொல்வார், அது உங்களுக்குப் பிடிக்காத பதிலாக இருந்தாலும். இந்த விதிகளையும் ட்ரேட்டுக்கான கடைசித் திகதியையும் ஒக்டோபரில், முதல் பந்து எறிய முதலே எழுதி வையுங்கள். பெப்ரவரியில் எழுதப் போனால் ஒவ்வொருவரும் தன் அணியைப் பார்த்துத்தான் விதி சொல்வார்.

நன்றி. வணக்கம்.