எட்டுப் பேரின் மீதிக் கதை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வேறொரு கோளை மாற்றியமைத்துக் குடியேற மனிதனால் முடியும் என்பது எங்கள் அணி. எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார்: “பூமியிலேயே எட்டுப் பேரைக் கண்ணாடி வீட்டுக்குள் வைத்துப் பார்த்தார்கள், மூச்சுத் திணறிப் போனார்கள். இவர்களா செவ்வாய்க்குக் காற்று கொடுக்கப் போகிறார்கள்?” நீங்களும் கை தட்டினீர்கள். ஆனால் அவர் சொன்னது பாதிக் கதை. மீதியை நான் சொல்கிறேன்.

அமெரிக்காவின் அரிசோனா. 1991 செப்டம்பர். ‘பயோஸ்பியர் 2’ என்ற அந்தக் கண்ணாடிக் கட்டடம் சுமார் 3 ஏக்கர். உள்ளே காடு, வயல், பவளப்பாறையோடு ஒரு குட்டிக் கடல். நான்கு ஆண்கள், நான்கு பெண்கள் உள்ளே போனதும் கதவைச் சாத்திவிட்டார்கள். இரண்டு வருஷம் அங்கேயே விளைவித்துச் சாப்பிட வேண்டும், அந்தக் காற்றையே சுவாசிக்க வேண்டும்.

மாதம் போகப் போக ஆக்சிஜன் இறங்குகிறது. 21 சதவீதம் இருந்தது 14-ஐ நெருங்குகிறது. நினைத்துப் பாருங்கள். நீளமாக ஒரு வாக்கியம் பேச முடியவில்லை, நடுவில் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும். தூக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுகிறார்கள். 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்தினார்கள். எதிரணித் தலைவர் இந்த இடத்தில் கதையை முடித்துவிட்டார்!

அப்புறம்தானே கதையே! அந்த ஆக்சிஜன் எங்கே போனது? வளமான மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் அதைச் சுவாசித்துக் கரியமில வாயுவாக வெளியிட்டன. சரி, அப்படியானால் கரியமில வாயு அதே அளவுக்கு ஏறியிருக்க வேண்டுமே? ஏறவில்லை. திருடன் அகப்பட்டான், திருட்டுப் பொருளைக் காணோம்! தேடினார்கள். எங்கே இருந்தது தெரியுமா? சுவரில்! புதுக் கான்கிரீட் கரியமில வாயுவைக் குடித்துச் சுண்ணாம்புக்கல்லாக்கி வைத்திருந்தது. ஐயா, சுவர் மூச்சைத் திருடும் என்று அதற்கு முன்னால் யார் யோசித்தார்கள்? இந்தப் பாடத்தை முதல்முதலாகச் செவ்வாயில் படித்திருந்தால் எட்டு உயிர் போயிருக்கும். இங்கே படித்ததால் எட்டுப் பேரும் 1993 செப்டம்பரில் உயிரோடு வெளியே நடந்து வந்தார்கள். இதைத் தோல்வி என்பவரோடு நான் சண்டை போடுவேன்.

செவ்வாய் கடினம்தான். காற்றழுத்தம் நம்முடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. சராசரிக் குளிர் மைனஸ் 60 டிகிரி. ஆனால் 2021 ஏப்ரலில், செவ்வாயில் இறங்கிய நாசாவின் பெர்சவரன்ஸ் ஊர்தியில் போன மாக்ஸி என்ற கருவி அந்தக் காற்றிலிருந்தே 5 கிராம் ஆக்சிஜன் பிரித்தது. ஒருவர் பத்து நிமிடம் சுவாசிக்கலாம். பத்து நிமிடம்தானா என்கிறீர்களா? பேச்சை நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார்களே, அந்த எட்டுப் பேரைக் கேளுங்கள், பத்து நிமிட மூச்சின் அருமையை!

நடுவர் அவர்களே, செவ்வாயில் சூரியன் மறையும்போது அதைச் சுற்றியுள்ள வானம் நீலமாக இருக்கும். என்றாவது ஒரு பிள்ளை அங்கே பிறந்து, “அம்மா, நாம் எங்கிருந்து வந்தோம்?” என்று கேட்கும். அவள் வானத்தில் ஒரு புள்ளியைக் காட்டுவாள். அந்தப் புள்ளியில் நீங்களும் நானும் நம் அப்பன் பாட்டன் எல்லோரும் இருப்போம். அந்தப் பிள்ளை பிறக்கவே பிறக்காது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கும் வராது. ‘முடியும்’ என்று தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.