விடுதி பில்லில் விடுபட்டுப்போகும் பணம்

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில், ஊழியர்கள் வெளியூர் போய்வந்த செலவு பில்களைச் சரிபார்ப்பது என் வேலை. திங்கட்கிழமை விடியற்காலை விமானம் ஏறி புனேவுக்கோ ஹைதராபாத்துக்கோ போய், வியாழன் இரவு வீடு திரும்பும் பிள்ளைகள் இந்த ஊரில் ஏராளம். அவர்கள் கொண்டுவந்து கொடுக்கும் விடுதி பில்லில் பெயர், அறை எண், வந்த நாள், போன நாள் எல்லாம் அச்சாகியிருக்கும். உறுப்பினர் எண்ணுக்கும் ஓர் இடம் உண்டு. பல பில்களில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவை ஒரு முறை நல்ல விடுதியில் தங்கவைத்திருக்கலாமே, அதற்கான வழியை இந்தப் பிள்ளை கவனிக்காமல் விட்டுவிட்டதே என்று எனக்கு ஆதங்கமாக இருக்கும். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பெரிய விடுதிக் குழுமங்கள் எல்லாவற்றுக்கும் உறுப்பினர் திட்டம் இருக்கிறது. மாரியட் குழுமத்துக்கு பான்வாய், ஹில்டனுக்கு ஹானர்ஸ், தாஜ் குழுமத்துக்கு இன்னர்சர்க்கிள், ஐடிசிக்கு கிளப் ஐடிசி. இவற்றில் சேரக் கட்டணம் கிடையாது. பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண் கொடுத்தால் உறுப்பினர் எண் வந்துவிடும். அந்த எண்ணைக் கொடுத்துத் தங்கினால், கட்டும் வாடகைக்கு ஏற்பப் பாயின்ட் கணக்கில் சேரும். பிறகு பணத்துக்குப் பதில் அந்தப் பாயின்டைக் கொடுத்து அறை எடுக்கலாம். பாயின்ட் சேர்ப்பதில் ஆர்வம் இல்லாதவர்களும் சேர்ந்துவைப்பது நல்லது. குழுமத்தின் சொந்த இணையதளத்தில் உறுப்பினருக்கென்று சற்றே குறைந்த வாடகை பெரும்பாலும் இருக்கும்.

பாயின்ட் எப்படிச் சேருகிறது என்பதை ஒரு கணக்கோடு சொல்கிறேன். பேனாவும் தாளும் பக்கத்தில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். மாரியட்டின் பெரும்பாலான விடுதிகளில் ஒரு டாலர் செலவுக்கு 10 பாயின்ட். டாலரை 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அறை வாடகை 9,000 ரூபாய் என்றால் அது 100 டாலர், அதாவது 1,000 பாயின்ட். அந்த அறைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து நீங்கள் கட்டுவது 10,620 ரூபாய். ஆனால் வரிக்குப் பாயின்ட் கிடையாது, 9,000 ரூபாய்க்கு மட்டும்தான்.

சரி, அந்த 1,000 பாயின்டுக்கு என்ன மதிப்பு? அதைச் செலவழிக்கும் இடம்தான் தீர்மானிக்கும். ஒரு விடுதியில் ஓர் இரவுக்கு 15,000 பாயின்ட் கேட்கிறார்கள். அதே அறையைப் பணம் கொடுத்து எடுத்தால் 8,000 ரூபாய் வாடகை, வரியோடு 9,440 ரூபாய். அப்படியானால் ஒரு பாயின்ட் ஏறக்குறைய 63 பைசா. வேறொரு விடுதியிலும் அதே 15,000 பாயின்ட்தான், ஆனால் வாடகை 5,000 ரூபாய். 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், ஆகவே மொத்தம் 5,250. இங்கே பாயின்டைக் கொடுத்தால் ஒரு பாயின்டுக்கு 35 பைசாதான் கிடைக்கும். இந்த இரண்டாவது விடுதியில் பணமாகக் கட்டிவிடுங்கள், பாயின்டை முதல் விடுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வகுத்தல் கணக்கைப் போடாமல் யாரும் பாயின்டைச் செலவழிக்க வேண்டாம் என்று மிகவும் வற்புறுத்திச் சொல்வேன். பாயின்டில் எடுக்கும் அறைக்கு வரி பெரும்பாலும் தனியாக வராது. ஆனாலும் முன்பதிவை உறுதி செய்யும் முன் கடைசித் திரையைப் பார்த்துவிடுங்கள்.

எல்லாத் திட்டங்களும் இப்படி ஏறி இறங்குவதில்லை. தாஜ் குழுமத்தில் பாயின்டுக்குப் பதில் கிடைக்கும் நியூகாயின் ஒன்றுக்கு ஒரு ரூபாய் என்பது நிலையான மதிப்பு. அக்கோர் குழுமத்தில் 2,000 பாயின்டுக்கு 40 யூரோ. கணக்குப் போட நேரமில்லை, நிம்மதியாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு இவை நல்லவை. ஹயாத் குழுமம் தன் விடுதிகளைப் பிரிவு பிரிவாக வகுத்து, பிரிவுக்கு இத்தனை பாயின்ட் என்று அட்டவணை வைத்திருக்கிறது. நெரிசலைப் பொறுத்து அந்த அட்டவணைக்குள்ளேயே ஏறும், இறங்கும். பண வாடகை எகிறும் நாட்களில் இப்படிப்பட்ட அட்டவணை மிகவும் கைகொடுக்கும்.

இனி, பாயின்ட் வராமல் போகும் இடங்கள். மாரியட், ஹில்டன், ஹயாத் போன்ற குழுமங்களில், குழுமத்தைச் சேராத பயண இணையதளத்தில் அறை எடுத்தால் பொதுவாகப் பாயின்ட் கிடையாது. அங்கே தள்ளுபடி அதிகமாக இருந்தால் தாராளமாக எடுங்கள், தவறே இல்லை. நம் கணக்கில் 1,000 பாயின்ட் 630 ரூபாய், அதாவது 9,000 ரூபாய் வாடகையில் 7 சதவீதம். பயண இணையதளம் 15 சதவீதம் குறைத்துக் கொடுத்தால் லாபம் அங்கேதான். நிறுவனம் ஏற்பாடு செய்யும் அறைகளில், நிறுவனத்துக்கென்று பேசிவைத்த வாடகைக்கும் பெரும்பாலும் பாயின்ட் உண்டு. ஆனால் பயண ஏற்பாட்டாளர் உறுப்பினர் எண்ணைப் போட மறந்துவிடுவார். அறைக்குள் போகும்போதே வரவேற்பு மேசையில் எண்ணைச் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். கிளம்பும்போது பில்லில் அது ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பாயின்ட் வரவில்லை என்று பிறகு கேட்பதற்கு அந்த நகல்தான் சான்று.

கணக்குப் பிரிவில் இருப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். நிறுவனத்தின் பணத்தில் தங்கும்போது, பாயின்டுக்காக விலை கூடிய விடுதியைத் தேர்ந்தெடுப்பது முறையல்ல. உங்கள் நிறுவனத்தின் பயண விதிகளில் பாயின்ட் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விதிக்குள் நின்று, உங்கள் பெயருக்கு வருவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு விசேஷங்களும் பாயின்ட் சேர நல்ல வாய்ப்பு. கல்யாணத்துக்கு உறவினர்களை அழைத்துத் தங்கவைக்கிறீர்கள். மாரியட்டில் உறுப்பினர் தாமும் தங்கி, தாமே பணம் கட்டினால், மூன்று அறைகள் வரை பாயின்ட் அவர் கணக்கில் ஏறும். கணவன் கணக்கில் கொஞ்சம், மனைவி கணக்கில் கொஞ்சம் என்று சிதறிக் கிடந்தால், ஓர் உறுப்பினர் இன்னொருவருக்குக் கட்டணமில்லாமல் மாற்றிக்கொடுக்கவும் அங்கே வழி இருக்கிறது. ஆண்டுக்கு இவ்வளவுதான் மாற்றலாம் என்று உச்சவரம்பு உண்டு, ஆனால் ஒரு குடும்பத்துக்கு அது தாராளம்.

சேர்த்ததை நெடுநாள் வைத்திருக்காதீர்கள். வங்கியில் போட்ட வைப்புத்தொகை வளரும், இந்தப் பாயின்ட் வைக்க வைக்கத் தேயும். மாரியட் 2022-ல் நிலையான அட்டவணையைக் கைவிட்டு, நாளுக்கு நாள் மாறும் பாயின்ட் விலைக்குப் போனது. அன்றுவரை ஓர் அறைக்கு என்று எண்ணிச் சேர்த்துவைத்திருந்தவர்களின் திட்டம் கலைந்துபோனது. காலாவதி வேறு இருக்கிறது. மாரியட், ஹில்டன், ஹயாத் மூன்றிலும் 24 மாதங்கள் கணக்கில் எந்த நடமாட்டமும் இல்லாவிட்டால் பாயின்ட் போய்விடும். அக்கோரில் 365 நாட்கள். ஐஎச்ஜி குழுமத்தில் சாதாரண உறுப்பினருக்கு 12 மாதங்கள். வேலை மாறி, பயணம் நின்றுபோன பிள்ளைகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

கிரெடிட் கார்டு பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. எச்டிஎஃப்சி வங்கி 2023-ல் மாரியட்டோடு சேர்ந்து ஒரு கார்டு கொண்டுவந்தது. ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாய், வரியோடு 3,540. அதற்கு 15,000 பாயின்ட் வரை மதிப்புள்ள ஓர் இரவு தங்கலைக் கொடுத்தார்கள். அந்த ஓர் இரவை 9,000 ரூபாய் அறைக்கு உருப்படியாகப் பயன்படுத்திக்கொள்ளும் குடும்பத்துக்கு இது லாபம்தான். பயன்படுத்தாமல் விட்டால் 3,540 ரூபாய் வீண். வாங்கும் முன் இன்றைய நிபந்தனைகளை வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டிவிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டுமே கார்டு ஏற்றது. பாக்கி வைத்தால் பல கார்டுகளில் மாதத்துக்கு மூன்றரை சதவீதத்துக்கும் மேல் வட்டி, ஆண்டுக்கு அது 40 சதவீதத்தைத் தாண்டும். 7 சதவீதப் பாயின்டுக்காக 40 சதவீத வட்டிக்குள் தலையைக் கொடுக்கும் இளைஞர்களைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது.

பாயின்டைக் காசு கொடுத்து வாங்கச் சொல்லியும் மின்னஞ்சல் வரும். மாரியட்டின் வழக்கமான விலை 1,000 பாயின்டுக்கு 12.50 டாலர். நம் கணக்கில் 1,125 ரூபாய். 630 ரூபாய் மதிப்புள்ளதை 1,125 கொடுத்து எதற்கு வாங்க வேண்டும்? ஓர் அறைக்குச் சில நூறு பாயின்ட் மட்டும் குறையும்போது வாங்குவது வேறு விஷயம்.

இப்போது மிக அவசரமான ஒன்று. உங்கள் ரிவார்டு பாயின்ட் இன்று இரவோடு காலாவதியாகிறது, இந்த இணைப்பைத் தொட்டுப் பணமாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று குறுஞ்செய்தியோ வாட்ஸ்அப்போ வந்தால் தொடவே தொடாதீர்கள். வங்கியின் பெயரும் சின்னமும் அசலைப் போலவே இருக்கும். செயலி ஒன்றை இறக்கச் சொல்வார்கள். அது போனுக்குள் புகுந்ததும் ஓடிபி வரை அவர்கள் கைக்குப் போய்விடும். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு இதை இன்றே எடுத்துச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். நாடு முழுவதும் இணையக் குற்றங்களுக்கான உதவி எண் அது. பாயின்ட் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், குழுமத்தின் செயலியை நீங்களாகத் திறந்து பாருங்கள்.

சேர்ந்த பாயின்டை எங்கே செலவழிக்கலாம்? வசதியாக ஓர் இரவைக் கழிக்கப் பெரிய நட்சத்திர விடுதியில் மொத்தத்தையும் கரைப்பவர்கள் உண்டு. அது அவரவர் விருப்பம். நான் சொல்வது, எப்படியும் போயாக வேண்டிய ஊரில், வாடகை உச்சத்தில் இருக்கும் நாளில் செலவழியுங்கள் என்பதுதான். பெங்களூர் கன்டோன்மென்டிலிருந்து மதுரைக்கு 2024 ஆகஸ்ட் முதல் வந்தே பாரத் ஓடுகிறது. சித்திரைத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் ரயில் டிக்கெட்டோடு விடுதி பாயின்டையும் சேர்த்துப் பாருங்கள். மாரியட்டின் கோர்ட்யார்டும் அங்கே இருக்கிறது, பசுமலையில் தாஜ் குழுமத்தின் கேட்வேயும் இருக்கிறது. இதற்கு எதிர்த் திசையிலும் நமக்குத் தேவை உண்டு. நிம்ஹான்ஸுக்கும் ஜெயதேவாவுக்கும் சிகிச்சைக்காக ஊரிலிருந்து உறவினர் வருகிறார்கள். நோயாளி மருத்துவமனையில், துணைக்கு வந்தவர் வராந்தாவில். ஒரு நல்ல தூக்கமும் வெந்நீர்க் குளியலும் அந்தத் துணையாளுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! உங்கள் பாயின்டில் அவர் பெயருக்கு அறை எடுத்துக் கொடுக்கலாமா என்று குழுமத்தின் வாடிக்கையாளர் சேவையில் கேளுங்கள். பல திட்டங்களில் அதற்கு இடம் உண்டு. ஆடம்பர விடுதி தேவையில்லை. தாஜ் குழுமத்தின் குறைந்த வாடகை விடுதியான ஜிஞ்சர் 2004-ல் இண்டிஒன் என்ற பெயரில் முதலில் திறக்கப்பட்டதே நம் ஒயிட்ஃபீல்டில்தான். அப்படி ஓர் எளிய, சுத்தமான அறை போதும்.

நாட்கள் கூடினால் இன்னொரு சலுகையும் இருக்கிறது. மாரியட்டில் பாயின்டில் தொடர்ந்து ஐந்து இரவுகள் எடுத்தால் நான்கு இரவுக்கான பாயின்ட்தான் கழியும், இருப்பதில் குறைந்த இரவு இலவசம். ஹில்டனிலும் இது உண்டு, ஆனால் சில்வர் நிலையிலோ அதற்கு மேலோ உள்ள உறுப்பினருக்கு மட்டும்.

மார்கழிக் கச்சேரிகளுக்குச் சென்னை போகும் ரசிகர்கள் பெங்களூரில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். டிசம்பர் கடைசி இரு வாரங்களில் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டைப் பக்கம் அறை கிடைப்பதே கடினம். அண்ணா சாலையில் ஹயாத் ரீஜென்சி இருக்கிறது, அங்கிருந்து சபாக்களுக்கு ஆட்டோவில் போய்விடலாம். பாயின்டுக்கென்று ஒதுக்கும் அறைகள் முதலில் தீர்ந்துவிடும் என்பதால், கச்சேரி அட்டவணை வெளிவரும் வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே எடுத்துவைத்துவிட்டு, எந்தத் தேதி வரை ரத்து செய்தால் பாயின்ட் முழுதும் கணக்குக்குத் திரும்பும் என்பதை உறுதிச்சீட்டில் பார்த்து, காலண்டரில் வட்டமிட்டுவையுங்கள். விடுதிக்கு விடுதி அந்தத் தேதி மாறும்.

நன்றி, வணக்கம்.