மலை வீட்டுக்குக் குறைஞ்ச விலையில கேமிங் மானிட்டர்: எதைப் பார்த்து வாங்கணும்?

எல்லாருக்கும் வணக்கங்க. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீடுகளுக்குப் பத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள்ள ஒரு கேமிங் மானிட்டரை எப்படிப் பார்த்து எடுக்கிறதுன்னு இன்னைக்குப் பேசலாம். மாடல் பேரு அடிக்கடி மாறும். அதனால பேரு சொல்லாம, பெட்டி மேல எது இருக்கணும், எதை நம்ப வேண்டாம்னு சொல்றேன். ரிவ்யூல வர்ற நம்பரெல்லாம் பெரும்பாலும் 25 டிகிரி வாக்குல இருக்கிற ரூம்ல அளந்தது. நம்ம ரூம் அப்படி இல்லைங்க, அதுலதான் கணக்கே மாறுது.

முதல்ல பேனல், அதாவது படத்தைக் காட்டுற திரைப் பகுதி. கடையில ஐபிஎஸ், விஏன்னு ரெண்டு வகை இருக்கும். விஏ-ல கறுப்பு நல்ல கறுப்பா தெரியும், கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) 3000-க்கு 1 வாக்குல வரும். ஐபிஎஸ்-ல அது 1000-க்கு 1 தான். வளைஞ்ச திரை பெரும்பாலும் விஏ, விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கும். பார்த்ததும் கை அதுக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்க.

எல்சிடி திரைக்குள்ள இருக்கிறது லிக்விட் கிரிஸ்டல். வோல்டேஜ் கொடுத்தா அதோட மூலக்கூறுங்க திரும்பும், அதை வச்சுத்தான் ஒவ்வொரு புள்ளியிலயும் வெளிச்சம் கூடுறதும் குறையறதும். குளிர்ல அது கெட்டிப்படும். மார்கழியில நம்ம வீட்டுத் தேங்காய் எண்ணெய் மாதிரி உறைஞ்சு நிக்காது, ஆனா திரும்ப நேரம் எடுக்கும். ஐபிஎஸ்-லயும் இது நடக்கும். விஏ-ல என்ன பிரச்சனைன்னா, கறுப்புல இருந்து அடர் சாம்பலுக்கு மாறுறது சாதாரண ரூம்லயே மெதுவுதான், குளிர்ல இன்னும் மெதுவாகும். தலைகுந்தா, காந்தல் பக்கம் வெளியில உறைபனி கொட்டுற காலையில, ஹீட்டர் போடாத ரூம்ல விஏ-ல ஆடிப் பாருங்க. இருட்டான மேப்ல மௌஸைத் திருப்பினா சுவரோரம் எல்லாம் கறுப்பா மை இழுத்துக்கிட்டு வரும். எதிராளி அந்த இழுப்புக்குள்ள நின்னா தெரியவே மாட்டான்.

அதனால வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி வேகமான துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுறவங்க ஐபிஎஸ் எடுங்க. பெட்டியில ஃபாஸ்ட் ஐபிஎஸ்னு போட்டிருந்தா இன்னும் நல்லது. ராத்திரி ஹீட்டர் போட்டு உட்கார்ந்து படம் பார்ப்பேன், கதை சொல்ற கேம் ஆடுவேன்னா விஏ எடுக்கலாம், அதுல தப்பே இல்லை.

எந்தப் பேனலா இருந்தாலும் குளிர்ல ஆன் பண்ணி அரை மணி நேரம் ஓட விடுங்க. பின்னாடி இருக்கிற பேக்லைட் சூட்டுலயே திரை தேறிடும். ரேங்க் மேட்ச் அதுக்கப்புறம் ஆரம்பிங்க.

அடுத்தது, பெட்டி மேல பெருசா இருக்கிற 1 எம்எஸ் (மில்லிசெகண்ட்). கீழ சின்ன எழுத்துல என்ன இருக்குன்னு படிங்க. ஜிடிஜின்னா ஒரு நிறத்துல இருந்து இன்னொரு நிறத்துக்கு மாற ஆகுற நேரம். எம்பிஆர்டின்னா ஓடுற உருவம் கண்ணுக்கு எவ்வளவு மங்கலாத் தெரியுதுங்கிற அளவு, அதுல 1 எம்எஸ் காட்டுறது பெரும்பாலும் பேக்லைட்டை அணைச்சு அணைச்சுப் போட்டு மங்கலைக் குறைக்கிற வித்தையாலதான். அந்த வித்தையை ஆன் பண்ணினா வெளிச்சம் பட்டுன்னு குறையும், பெரும்பாலான மானிட்டர்ல ஃப்ரீசிங்க்கும் (கார்டு அனுப்புற ஃப்ரேமுக்கு ஏத்த மாதிரி திரையோட வேகத்தை மாத்துற வசதி) அதோட சேர்ந்து வேலை செய்யாது. ஜிடிஜி 1 எம்எஸ்னு போட்டிருந்தாலும் அது ஓவர்டிரைவை, அதாவது புள்ளியை வேகமா மாறத் தூண்டுற செட்டிங்கை, உச்சத்துல வச்சு எடுத்த நம்பரா இருக்கும். உச்சத்துல வச்சா ஓடுற உருவத்துக்குப் பின்னாடி வெளிறின நிழல் ஒண்ணு ஒட்டிக்கிட்டே வரும். மெனுவுல நடு அளவுல வச்சுப் பாருங்க, பெரும்பாலும் அதுதான் சரியா இருக்கும்.

அளவும் ரெசல்யூஷனும் சுருக்கமா. 1080பி-க்கு (1920-க்கு 1080 புள்ளி) 24 இன்ச் போதும், ஒரு இன்ச்சுக்கு 92 புள்ளி வாக்குல வரும். அதே 1080பி-யை 27 இன்ச்ல எடுத்தா 82-தான், எழுத்து பிசிறடிக்கும். 27 வேணும்னா 1440பி-க்கு (2560-க்கு 1440 புள்ளி) போங்க, விலை நல்லாவே ஏறும். அதுமட்டும் இல்லாம, 1440பி-ல புள்ளிகள் 1080பி-யை விடக் கிட்டத்தட்ட 1.8 மடங்கு. ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி சின்ன கிராஃபிக்ஸ் கார்டு வச்சிருக்கிறவங்க 1440பி பக்கம் போக வேண்டாம்.

ரெஃப்ரெஷ் ரேட், அதாவது ஒரு செகண்டுக்குத் திரை எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்குதுங்கிறது, 144 ஹெர்ட்ஸ் இருந்தா தாராளம். 60-ல ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட் நிக்குது, 144-ல 6.9. அந்த வித்தியாசம் கண்ணுக்கு நல்லாத் தெரியும். 144-க்கும் 180-க்கும் நடுவுல 1.4 மில்லிசெகண்ட்தான். ஒரே விலைன்னா 180 எடுங்க, அதுக்காகத் தனியா ரெண்டாயிரம் கொடுக்காதீங்க. அந்தக் காசு உயரம் ஏத்தி இறக்குற ஸ்டாண்டுக்கோ ஸ்டெபிலைசருக்கோ போகட்டும்.

ஃப்ரீசிங்க்னு எழுதியிருந்தா மட்டும் பத்தாது, எதுல இருந்து எது வரைக்கும்னு கேளுங்க. 48-ல இருந்து 144 வரைக்கும்னா நல்லது. மேல் எண் கீழ் எண்ணுக்கு ரெண்டு மடங்காவது இருந்தாத்தான், ஃப்ரேம் 48-க்குக் கீழ இறங்கும்போது ஒரே ஃப்ரேமை ரெண்டு தடவை காட்டிச் சமாளிக்கும். 48-ல இருந்து 75 வரைக்கும்தான்னா அங்க திக்கும். என்விடியா கார்டுலயும் 2019 ஜனவரியில இருந்து ஃப்ரீசிங்க் மானிட்டர் ஓடுது. 10 சீரிஸ்லயோ அதுக்கு மேலயோ கார்டு இருக்கணும், டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போடணும்.

போர்ட் விஷயத்துல நிறைய பேர் மாட்டுறாங்க. விலை குறைஞ்ச மானிட்டர் சிலதுல எச்டிஎம்ஐ 1.4-தான் இருக்கும், அதுல முழு வேகம் வராம போகலாம். கம்ப்யூட்டருக்கு எப்பவும் டிஸ்ப்ளேபோர்ட் போடுங்க. பெட்டியில எச்டிஎம்ஐ கேபிள் மட்டும் வந்தா டிஸ்ப்ளேபோர்ட் ஒண்ணு தனியா வாங்குங்க. பிஎஸ் 5-க்கு எடுக்கிறவங்க எச்டிஎம்ஐ போர்ட்ல 120 ஹெர்ட்ஸ் வருதான்னு கேட்டே வாங்குங்க.

எச்டிஆர்னு (வெளிச்சமும் இருட்டும் இன்னும் தூக்கலாத் தெரியுற வசதி) ஸ்டிக்கர் இருந்தா அதுக்குன்னு ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம். இந்த விலையில அது சிக்னலை வாங்கிக்கும், அவ்வளவுதான். வெளிச்சம் அதுக்குப் பத்தாது.

இப்ப கரண்டு. மழைக்காலத்துல மரம் விழுந்து லைன் போறதும், திரும்பி வரும்போது வோல்டேஜ் எகிறுறதும் நமக்குப் புதுசு இல்லை. அதனால நான் அழுத்திச் சொல்றது, அடாப்டர் வெளியில தனியா வர்ற மானிட்டரா பாருங்க. வோல்டேஜ் அடிச்சா பெரும்பாலும் முதல்ல போறது பவர் பகுதி. அடாப்டர் வெளியில இருந்தா அதே வோல்ட், அதே பின், அதே ஆம்பியர் இல்லன்னா கூடுதல் ஆம்பியர் பார்த்து வேற ஒண்ணு மாட்டிட்டு வேலையைப் பார்க்கலாம். உள்ளேயே பவர் போர்டு இருந்தா பின்மூடியைக் கழட்டணும், மானிட்டரை மலைக்குக் கீழ சர்வீஸுக்குக் கொண்டு போகணும். ஐப்பசி கார்த்திகையில இடி வர்ற மாதிரி இருந்தா சுவிட்சை அணைச்சா மட்டும் போதாதுங்க, இடி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பிளக்கையே உருவுங்க. நெட் கேபிளையும் சேர்த்து உருவுங்க, அது வழியாவும் அடி வரும்.

இன்னொண்ணு, சில அடாப்டர்ல மலைப் படம் போட்டுப் பக்கத்துல 2000 மீட்டர்னு இருக்கும். அந்த உயரத்துக்குக் கீழ பயன்படுத்தச் சொல்ற குறி அது. மேல போகப் போகக் காத்து மெலிசாகும், ரெண்டு மின்முனைக்கு நடுவுல இருக்கிற இடைவெளியோட காப்பு குறையும். ஊட்டி 2240 மீட்டர், குன்னூர் 1850. ஊட்டிக்காரங்க பயப்பட வேண்டாம், இந்த உயரத்துல வித்தியாசம் சின்னது. ஆனா மேனுவல்ல இயங்கும் உயரம் 3000 இல்ல 5000 மீட்டர்னு போட்டிருக்கிற மாடல் கிடைச்சா அதை எடுங்க. எர்த் உள்ள பிளக் பாயின்ட்ல போடுங்க.

ஈரமும் இங்க ஒரு எதிரிதான். கூரியர்ல வந்த பெட்டி ஜில்லுன்னு இருக்கும். ஹீட்டர் போட்ட ரூம்ல உடனே பிரிச்சா திரை மேலயும் உள்ள போர்டு மேலயும் நீர் கோத்துக்கும். மூணு மணி நேரம் பெட்டியை மூடியே வைங்க, அப்புறம் பிரிச்சுப் பிளக் போடுங்க. ஈரம் கசியுற வெளிச்சுவர்ல ஒட்டி மாட்டாதீங்க, ஒரு கை அகலம் இடம் விடுங்க. ஆடி ஆவணியில மூடுபனி இறங்கினா ஜன்னலைச் சாத்துங்க. ஆடலைன்னாலும் தினம் ஒரு மணி நேரம் திரை ஓடட்டும், அந்தச் சூட்டுல உள்ள இருக்கிற ஈரம் காயும். பிளாஸ்டிக் கவர் மட்டும் போட்டு இறுக்கி மூடிடாதீங்க, உள்ள பூசணம் பிடிக்கும்.

வாரன்ட்டி மூணு வருஷம்னு போட்டிருந்தா, வீட்டுக்கு வந்து பார்ப்பாங்களா, இல்ல நாம தூக்கிட்டுப் போகணுமான்னு உங்க பின்கோடைச் சொல்லிக் கேளுங்க. ஊட்டி 643001, குன்னூர் 643101, கோத்தகிரி 643217. கோயம்புத்தூருக்கு வர்ற சர்வீஸ் ஆள் மலைக்கு வராம போகலாம். கூப்பிட்டுக் கேட்கிற அந்த ஒரு போன் ஐநூறு ரூபாய் தள்ளுபடியை விடப் பெருசு.

மாட்டினதும் செய்ய வேண்டியது. கேபிள் கிராஃபிக்ஸ் கார்டுல இருக்கணும், மதர்போர்டு போர்ட்ல இல்லை. விண்டோஸ் செட்டிங்ஸ்ல சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் ரெஃப்ரெஷ் ரேட்டை மாத்துங்க. மாத்தலைன்னா 180 மானிட்டர் 60-லயே ஓடிக்கிட்டு இருக்கலாம். என்விடியாவுல எச்டிஎம்ஐ போட்டு நிறம் வெளிறித் தெரிஞ்சா, கன்ட்ரோல் பேனல்ல டைனமிக் ரேஞ்சை ஃபுல்லுன்னு வைங்க.

பெட்டி பிரிக்கிறதை வெட்டாம வீடியோ எடுங்க. முழுத் திரையில கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம்னு ஒவ்வொண்ணா போட்டுச் செத்த புள்ளி தேடுங்க. கறுப்பு போடும்போது விளக்கை அணைச்சு மூலைகளைப் பாருங்க. ஐபிஎஸ்-ல லேசா ஒரு மினுக்கம் இருக்கத்தான் செய்யும், பக்கவாட்டுல நகர்ந்து பார்த்தா அது மாறும். எங்கிருந்து பார்த்தாலும் ஒரே இடத்துல மஞ்சளாவோ வெள்ளையாவோ கசிஞ்சா அது பேக்லைட் கோளாறு, திருப்பி அனுப்புற கெடு முடியறதுக்குள்ள மாத்திக்குங்க.