முன்காத்தானும் பின்காத்தானும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

நான் கிளிநொச்சியில் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கிறவன். கோயில் திருவிழா, கலியாண வீடு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, விடிய விடிய நடக்கும் கூத்து என்று எங்கே மைக் தேவையோ அங்கே என் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் போய் நிற்கும். மனதுக்குப் பிடித்த இசையைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். சுவீடன் நாட்டு ஓபெத் என்ற இசைக்குழுவைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். சரி என்றார்கள். அவர்களுக்கு நன்றி.

சனிக்கிழமை பின்னேரங்களில் என் கடையில் ஒரு வழக்கு நடக்கும். ஒரு பக்கம் பரந்தனில் வாகன வயரிங் வேலை செய்யும் தம்பி. மறுபக்கம் அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் தங்கச்சி. வேறும் நாலைந்து பேர் வருவார்கள், போவார்கள். வழக்கு இதுதான்: ஓபெத்தின் பழைய அல்பங்கள் பெரிதா, புதியவை பெரிதா? தேத்தண்ணீர் ஆறிப்போகும், வழக்கு ஆறாது.

இந்த இசையைக் கேட்டிராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். புரோகிரசிவ் மெற்றல் என்பது கனத்த கிற்றார் இசைதான். ஆனால் மூன்று நிமிடத்தில் முடிகிற பாட்டு அல்ல. ஒரே பாட்டுக்குள் தாளம் பல முறை மாறும், இரைச்சல் வந்து அடங்கும், நடுவில் தனிக் கிற்றார் ஒன்று ஊஞ்சல் போல ஆடிக்கொண்டிருக்கும். ஓபெத் 1996 இல் வெளியிட்ட 'மோர்னிங்ரைஸ்' அல்பத்தில் ஐந்தே ஐந்து பாடல்கள். கேட்டு முடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். அதில் ஒன்று மட்டும் இருபது நிமிடம். கூத்துப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இந்த நீளம் ஒரு பொருட்டே இல்லை.

இந்த வழக்கும் எங்களுக்குப் புதிதல்ல. காத்தவராயன் கூத்தை நினைத்துப் பாருங்கள். காத்தான் ஒருவன்தான். ஆனால் ஆட வருகிறவர்கள் பலர். முன்காத்தான், இடைக்காத்தான், பின்காத்தான் என்று இரவு ஏற ஏற ஆள் மாறும், குரல் மாறும். விடியற்புறம் காத்தான் கழுமரம் ஏறும்போது நித்திரைக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருப்போம். பிறகு பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போது தொடங்கும் சண்டை. "முன்காத்தான்ர குரல் எங்க, இவற்ற குரல் எங்க?" மைக் கட்டினவன் என்பதால் என்னையும் சாட்சிக்கு இழுப்பார்கள். ஓபெத் வழக்கும் எனக்கு அப்படித்தான் கேட்கிறது. ஒரே காத்தான், வேறு வேறு சாமம்.

அந்தக் காத்தானின் பெயர் மிக்கேல் ஓக்கர்பெல்ட். பாடுகிறவர், கிற்றார் வாசிக்கிறவர், பாடல்களை எழுதுகிறவர். 1995 இல் வந்த முதல் அல்பமான 'ஓர்க்கிட்' காலத்திலிருந்து இன்றுவரை குழுவில் நிற்பவர் அவர் ஒருவர்தான். அவருக்கு இரண்டு குரல்கள். ஒன்று தெளிவான, கொஞ்சம் துயரம் தோய்ந்த குரல். மற்றது உறுமல். எங்கள் தொண்டையில் குரல் நாண்களுக்கு மேலே இன்னொரு சோடி மடிப்பு உண்டு. பொய்க் குரல் நாண்கள் என்று சொல்வார்கள். சாதாரணமாகப் பேசும்போது அவற்றுக்கு வேலை இல்லை. அவற்றையும் சேர்த்து அதிரவிட்டால் வருவது இந்த உறுமல். பழகாமல் கத்தினால் தொண்டை போய்விடும். பழகினவர் பாடும்போது கிணற்றின் அடியிலிருந்து யாரோ பேசுவது போல இருக்கும்.

2008 இல் வந்த 'வாட்டர்ஷெட்' வரை இரண்டு குரலும் இருந்தன. அதே பாணியில் அடுத்ததை எழுதத் தொடங்கிய ஓக்கர்பெல்ட், எழுதியதைத் தூக்கி வைத்துவிட்டு வேறு வழியில் போனார். 2011 இல் 'ஹெரிற்றேஜ்' வந்தது. அது தனிப் பியானோவோடு தொடங்குகிறது. எழுபதுகளின் ராக் இசை மணம் வீசுகிறது. உறுமல் ஓரிடத்திலும் இல்லை. அட்டையில் ஒரு மரம், பழங்கள் தொங்க வேண்டிய இடத்தில் குழுவினரின் தலைகள். ஒரு தலை மட்டும் கீழே விழுந்துகொண்டிருக்கிறது. அது குழுவை விட்டுப் போன கீபோர்ட் கலைஞருடையது. பழைய இரசிகர்கள் பலருக்கு அந்தத் தலை தங்களுடையது போலத் தோன்றியிருக்கும். 2014, 2016, 2019 என்று அடுத்து வந்த மூன்று அல்பங்களிலும் உறுமல் இல்லை. 2008 முதல் 2024 வரை பதினாறு வருடம்.

என் கதை கொஞ்சம் வேறு. நான் சின்னப் பெடியனாக இருந்தபோது வன்னியில் மின்சாரம் இல்லை. பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோ கேட்போம். சுற்றுகிற கை களைத்தால் பாட்டும் களைக்கும். நான் சுற்ற, அண்ணன் கேட்பான். பிறகு அவன் சுற்ற, நான் கேட்பேன். பிறகு ஏ9 வீதி திறந்த சமாதான காலத்தில், 2003 இல், பெரியம்மாவின் மகன் நோர்வேயிலிருந்து வந்திருந்தார். போகும்போது ஒரு சீடி பிளேயரையும் ஒரேயொரு இசைத்தட்டையும் என் கையில் தந்துவிட்டுப் போனார். அதுதான் ஓபெத்தின் 'டாம்னேஷன்'. முழுக்க முழுக்க மென்மையான பாடல்கள். ஓர் உறுமல்கூட இல்லை. இவர்கள் உறுமுகிற ஆட்கள் என்பதே எனக்குத் தெரியாது.

அந்தத் தட்டில் மெலொட்ரோன் என்ற பழைய வாத்தியம் ஒலிக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு ஒலிநாடா. கட்டையை அழுத்தினால் அதற்குரிய நாடா ஓடி, முன்பே பதிந்து வைத்த வயலினோ புல்லாங்குழலோ கேட்கும். ஒலி மெல்ல நடுங்கும். கசெற் நாடா பழசாகி இழுபடும்போது வருமே ஒரு நடுக்கம், அதுபோல. நாடா கேட்டு வளர்ந்த காது எனக்கு. அந்த நடுக்கத்தில் அப்படியே விழுந்துவிட்டேன். பின்னேரம் ஜெனரேற்றர் போடும் இரண்டு மணித்தியாலத்துக்குள் அந்தத் தட்டை முழுசாக ஒரு தடவை கேட்டு முடிப்பேன். 2009 இல் எங்களிடம் இருந்த மற்ற எல்லாவற்றோடும் அந்தத் தட்டும் போனது.

ஆகவே 'ஹெரிற்றேஜ்' வந்தபோது எனக்கு அதிர்ச்சி இல்லை. உறுமாத ஓபெத்தான் என் பழைய ஓபெத். 2001 இல் வந்த 'பிளாக்வாட்டர் பார்க்' அல்பத்தை எத்தனையோ வருடம் கழித்துத்தான் கேட்டேன். மற்றவர்களுக்குப் பழையது எனக்குப் புதிதாக வந்தது.

பரந்தன் தம்பியின் வாதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. "அண்ணை, உறுமல் போனதைப் பற்றி மட்டும் நான் கதைக்கேல்ல. டிரம்ஸ் வாசிச்ச லோபெஸ் 2006 இல் போயிற்றார். அடுத்த வருசம் கிற்றார் லிண்ட்கிரென் போயிற்றார். அந்தக் கூட்டுத்தான் எனக்கு ஓபெத்" என்பான். மார்ட்டின் லோபெஸின் கை அப்படி. கனத்த இடத்திலும் அவர் அடி கனக்காது. சிம்பலின் விளிம்பைத் தடவிக்கொண்டே போவார். 'டெலிவரன்ஸ்' பாடலின் முடிவில் ஒரே தாளக்கட்டு நிமிடக்கணக்காகத் திரும்பத் திரும்ப வரும். நான் எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் எங்கோ பிழைத்துவிடும். தம்பி மேசையில் விரலால் அதைப் பிழையில்லாமல் அடித்துக் காட்டுவான். இப்படிக் கேட்கிற ஒருவனைப் பார்த்து, நீ பழசையே பிடித்துத் தொங்குகிறாய் என்று யாரும் சொல்லக்கூடாது.

என் பட்டறையில் பழைய அம்பிளிபயர் ஒன்று இருக்கிறது. முகப்பில் முள் ஆடும் மீற்றர். 'பிளாக்வாட்டர் பார்க்' அல்பத்தின் கடைசிப் பாட்டு, பன்னிரண்டு நிமிடம், அதைப் போட்டுவிட்டு முள்ளைப் பாருங்கள். தொடக்கத்தில் வலப்பக்கம் ஒட்டிக்கொண்டு துடிக்கும். நடுவில் எல்லாம் அடங்கிக் கிற்றார் மட்டும் நிற்கும்போது முள் கீழே படுத்துக் கிடக்கும், மூச்சு விடுவது போல லேசாக அசையும். பிறகு மொத்தக் குழுவும் உறுமலோடு திரும்பி வரும்போது ஒரே பாய்ச்சலாக மேலே போகும். அந்தப் பாய்ச்சலுக்குத்தான் நான் காத்திருப்பேன். உறுமல் அங்கே அழகாக இருப்பது அதற்கு முன்னால் அந்த அமைதி இருந்ததால்.

'ஹெரிற்றேஜ்' எனக்கு முழுசாக ஒட்டாததற்குக் காரணமும் இதுதான். உறுமல் இல்லை என்பது எனக்குக் குறையாகப் படவில்லை. ஆனால் அது போன இடத்தில் வேறொன்றை வைக்காமல் விட்டுவிட்டார்கள். ஒரு பகுதி முடிந்து அடுத்த பகுதி வருகிறது, ஆனால் ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு வருவதில்லை. 2014 இன் 'பேல் கொமியூனியன்' அதைச் சரிசெய்யத் தொடங்கியது. அதன் கடைசிப் பாட்டில் வயலின் கூட்டம் எழுகிற இடத்தைக் கேட்டால் தெரியும். 2016 இன் 'சோர்சரஸ்' என்னிடம் தங்கவில்லை, அதை விடுவோம்.

தங்கச்சியின் அல்பம் 2019 இல் வந்த 'இன் கௌடா வெனெனும்'. லத்தீன் பெயர், வாலில் நஞ்சு என்று பொருள். தேளுக்குக் கொடுக்கில் நஞ்சு என்று நாங்கள் சொல்வதில்லையா, அதுதான். இந்த அல்பம் இரண்டு மொழியில் வந்தது. ஓக்கர்பெல்ட் முதலில் தன் தாய்மொழியான சுவீடிஷில் எழுதினார், பிறகுதான் ஆங்கில வடிவம். ஒருநாள் தங்கச்சி இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டாள். எனக்குச் சுவீடிஷில் ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் சுவீடிஷ் வடிவத்தில் நாக்கு வீட்டுக்குள் நடக்கிறது, ஆங்கில வடிவத்தில் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிறது. மெய்யெழுத்துகள் டிரம்ஸோடு சேர்ந்து விழுகின்றன. நீண்ட உயிர்கள் தாளத்தின் மேல் படுத்து நீள்கின்றன. "அண்ணை, இருபத்தைஞ்சு வருசம் ஆங்கிலத்தில பாடிப்போட்டு இப்பத்தான் மனுசன் சொந்தப் பாஷையில வாய் திறக்கிறார். இதைப் போய்ப் பின்னடைவு எண்டு சொல்லலாமா?" என்று கேட்டாள். அன்றைக்குப் பரந்தன் தம்பி மறுபேச்சுப் பேசவில்லை. உறுமல் இல்லாமலே அந்தப் பாய்ச்சல் திரும்பி வந்துவிட்ட அல்பம் அதுதான் என்று நானும் நம்புகிறேன்.

இப்படிச் சண்டை எல்லாக் குழுவுக்கும் உண்டு. அமெரிக்காவின் ட்ரீம் தியேட்டர் குழுவில் டிரம்ஸ் வாசித்த மைக் போர்ட்னோய் 2010 இல் விலகி 2023 இல் திரும்பி வந்தார். அவர் இல்லாத அந்தப் பதின்மூன்று வருடத்தைப் பற்றி அவர்களுடைய இரசிகர்கள் இன்னும் பொருதிக்கொண்டிருக்கிறார்கள்.

2024 ஆகஸ்ட். சோளகம் அடித்துக் கடை முழுக்கப் புழுதி. ஓபெத்தின் புதிய அல்பத்திலிருந்து முதல் பாட்டு வெளிவந்தது. கதவைச் சாத்தி, நல்ல ஸ்பீக்கர் இரண்டை இறக்கிவைத்து, எல்லாரும் சேர்ந்துதான் கேட்டோம். உறுமல் வந்தது. 2008 க்குப் பிறகு புதுப்பாட்டு ஒன்றில் முதல் தடவை. ஓக்கர்பெல்டுக்கு அப்போது ஐம்பது வயது. தம்பி துள்ளிக் குதிப்பான் என்று பார்த்தேன். அவன் கதிரையில் முன்னால் சாய்ந்து, ஸ்பீக்கரின் கூம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்த பிறகு மெதுவாகச் சொன்னான். "அண்ணை, இது அந்தப் பழைய உறுமல் இல்ல. இதில ஆரோ ஒராள் கதைக்கிறார்."

சரியாகத்தான் பிடித்தான். அந்த அல்பம் ஒரு மரணசாதனத்தைப் பற்றியது. முதலாம் உலகப் போருக்குப் பிந்திய காலம். பெரிய பணக்காரர் ஒருவர் இறந்துபோகிறார். பிள்ளைகள் கூடியிருக்கச் சாதனம் வாசிக்கப்படுகிறது, குடும்ப இரகசியங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. ஏழு பாடல்களுக்குப் பெயரே இல்லை. பந்தி ஒன்று, பந்தி இரண்டு என்று இலக்கம்தான், உறுதியில் இருப்பது போல. எட்டாவதுக்கு மட்டும் பெயர் உண்டு. ஜெத்ரோ டல் குழுவின் இயன் அண்டர்சன் வந்து சாதன வாசகங்களை வாசிக்கிறார். காணி உறுதியை நடுவீட்டில் விரித்து வைத்துக்கொண்டு யாரும் மூச்சுவிடாமல் இருந்த நாட்கள் எங்கள் பக்கத்திலும் பல வீடுகளில் உண்டு. அந்த அறைக்குள் உறுமல் கேட்கும்போது அது செத்த மனிதரின் குரலாகக் கேட்கிறது.

கூத்தில் அரக்கனுக்கு ஒரு குரல், தாய்க்கு ஒரு குரல். அரக்கனாக வருகிறவர் குரலைக் கட்டிக் கொண்டுவந்து பாடிவிட்டு, திரைக்குப் பின்னால் வந்ததும் என்னிடம் இயல்பான குரலில் தண்ணீர் கேட்பார். அந்த வேறுபாடு மைக்கின் பக்கத்தில் நிற்கிறவனுக்கு நன்றாகத் தெரியும். ஓக்கர்பெல்ட் அந்தப் பதினாறு வருடம் குரலைத் தொலைக்கவில்லை. பின்னர் வந்த மேடைகளில் பழைய பாடல்களுக்கு உறுமிக்கொண்டுதான் இருந்தார். புதிதாக உறுமுவதற்கு ஒரு பாத்திரம் கிடைக்கும்வரை காத்திருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. காத்திருந்ததால்தான் 'பந்தி ஒன்று' பாட்டில் அந்தக் குரல் அப்படி வந்து விழுகிறது.

வழக்கு இதோடு முடிந்துவிடவில்லை. தம்பி இப்போது புதியதையும் கேட்கிறான், ஆனால் லோபெஸ் இருந்திருந்தால் என்று இழுக்கிறான். தங்கச்சி 'மோர்னிங்ரைஸ்' கேட்கத் தொடங்கியிருக்கிறாள், அந்த இருபது நிமிடப் பாட்டு இரண்டாகப் பிரிந்திருக்க வேண்டியது என்கிறாள். அதற்கும் ஒரு சனிக்கிழமை வேண்டும்.

நிலையத்தாரிடம் ஒரு பாடலைக் கொடுத்திருக்கிறேன். 'டாம்னேஷன்' தட்டின் முதற்பாடல், 'விண்டோபெய்ன்', ஏழே முக்கால் நிமிடம். ஜெனரேற்றர் வெளிச்சத்தில் நான் முதன்முதல் கேட்ட ஓபெத் பாடல் அதுதான். றேடியோவைக் கொஞ்சம் கிட்ட இழுத்து வைத்துக் கேளுங்கள். வணக்கம்.