போர்த்துகீசியத்தில் எது ஆண்பால், எது பெண்பால்? நேயர் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி லிஸ்பனில் வேலை பார்க்கும் ஒரு நேயரிடமிருந்து வந்திருக்கிறது. "ஆண்பால் சொற்கள், பெண்பால் சொற்கள் என்று இரண்டு பட்டியல் எழுதி மனப்பாடம் செய்கிறேன். பேச வாயைத் திறந்தால் எல்லாம் கலந்துவிடுகிறது. என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். அதில் இருப்பது சரிதான், ஆனால் பேசும்போது கைகொடுக்காது. காரணம் சொல்கிறேன். தமிழில் வந்தான், வந்தாள், வந்தது என்று வினையின் கடைசியில் பால் தெரிகிறது. போர்த்துகீசியத்தில் 'அவன் வந்தான்', 'அவள் வந்தாள்' இரண்டுக்கும் வினை ஒன்றுதான். அங்கே பால் தெரிவது பெயர்ச்சொல்லைச் சுற்றியுள்ள சொற்களில். முன்னால் வரும் ஆர்ட்டிக்கிள் (ஆங்கிலத்தில் the, a போன்ற சொல்) மாறும், பின்னால் வரும் பெயரடை மாறும், இரண்டு என்ற எண்கூட மாறும். நாம் வாக்கியத்தின் முடிவில் பாலைத் தேடிப் பழகியவர்கள். அது முன்னாலேயே வந்து போய்விடுகிறது.

அதனால் எந்தச் சொல்லையும் தனியாகப் படிக்காதீர்கள். ஆர்ட்டிக்கிளையும் ஒரு பெயரடையையும் சேர்த்து, மூன்று சொல்லாக, வாய்விட்டுச் சொல்லிப் படியுங்கள். ஆண்பாலுக்கு 'உ', பெண்பாலுக்கு 'அ'. (எழுத்தில் ஓ என்று இருந்தாலும் பேச்சில் உ என்றுதான் கேட்கும்.) குன்றுக்கு மோந்த், பாலத்துக்குப் போந்த். ஒலி ஒன்றுபோலவே இருக்கிறது, ஆனால் குன்று ஆண்பால், பாலம் பெண்பால். சொல்லைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. 'உ மோந்த் ஆல்து', 'அ போந்த் ஆல்தா', அதாவது உயரமான குன்று, உயரமான பாலம் என்று நாலு முறை சொல்லிப் பாருங்கள். நாக்குக்கு அது பழகிவிடும். லிஸ்பனில் இருப்பவருக்கு இது இன்னும் எளிது, தேஜோ ஆற்றுப் பாலங்களைப் பற்றிய பேச்சு தினமும் காதில் விழும். 'ந போந்த்' என்று கேட்டால் 'பாலத்தில்' என்று பொருள். ஆண்பாலாக இருந்தால் அது 'நு' என்று வந்திருக்கும்.

விதிகளே வேண்டாமா என்றால், சில விதிகளை நம்பலாம். ஓ-வில் முடிந்தால் பெரும்பாலும் ஆண்பால், ஆ-வில் முடிந்தால் பெரும்பாலும் பெண்பால். வியாஜேம் (பயணம்), கராஜேம் (கார் நிறுத்துமிடம்), மென்சாஜேம் (செய்தி) என்று 'ஆஜேம்' ஒலியில் முடிபவை ஏறக்குறைய எல்லாமே பெண்பால். சிதாத் (நகரம்), உனிவெர்சிதாத் வகையும் பெண்பால்தான். ஸ்பானிய மொழி கொஞ்சம் தெரிந்தவர்கள் கவனியுங்கள், பயணமும் பாலமும் அங்கே ஆண்பால். இந்தி படித்தவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. இந்தியில் அலமாரி பெண்பால், போர்த்துகீசியத்தில் ஆண்பால்.

அப்புறம், எல்லாரும் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ப்ரோப்லேமா, சிஸ்தேமா, தேமா, ப்ரோக்ராமா, போயேமா எல்லாம் ஆ-வில் முடிந்தும் ஆண்பால். இவை கிரேக்கத்திலிருந்து வந்தவை. ஆனால் 'மா' என்று முடிந்தாலே ஆண்பால் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டிலுக்கான காமா பெண்பால். நாள் என்ற தீயாவும் வரைபடம் என்ற மாப்பாவும் கிரேக்கச் சொற்கள் இல்லை, இருந்தும் ஆண்பால். எதிர்ப்பக்கம் மாவ், அதாவது கை, பெண்பால். இவற்றை விதிக்குள் அடைக்கப் பார்க்காமல் பெயரடையோடு அப்படியே சொல்லிப் பழகுவதுதான் நல்லது.

பயிற்சிக்கு நமக்குத் தெரிந்த சொற்களிலிருந்தே தொடங்கலாம். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் போர்த்துகீசியத்திலிருந்து தமிழுக்கு வந்தவை. இலங்கைத் தமிழர்கள் இன்னும் பாண், சப்பாத்து என்கிறார்கள். இதில் ஜன்னல், சாவி, மேசை மூன்றும் பெண்பால். அலமாரி, பாண், சப்பாத்து மூன்றும் ஆண்பால். 'அ ஷாவ் இஷ்தா ந மேஸா', சாவி மேசையில் இருக்கிறது. 'உ சபாத்து இஷ்தா நு அர்மாரியு', சப்பாத்து அலமாரியில் இருக்கிறது. வீட்டில் பொருளைத் தேடும்போதெல்லாம் இப்படிச் சொல்லுங்கள்.

வெளியே போனால் காபிக் கடைதான் சரியான இடம். லிஸ்பனில் சின்னக் கோப்பைக் காபிக்குப் பீக்கா என்று பெயர், பெண்பால். கண்ணாடி டம்ளரில் பால் நிறையக் கலந்து வரும் கலாவ் ஆண்பால். 'உமா பீக்கா', 'உம் கலாவ்', அதாவது ஒரு பீக்கா, ஒரு கலாவ். நண்பரோடு போனால் 'துவாஷ் பீக்காஷ்', இரண்டு பீக்கா. மாற்றிச் சொன்னாலும் காபி வந்துவிடும், கடைக்காரருக்குப் புரியும். ஆனால் அவர் ஆர்டரைத் திருப்பிச் சொல்வார் பாருங்கள், அதைக் காது கொடுத்துக் கேளுங்கள். நீங்கள் 'உம்' என்றது அங்கே 'உமா' என்று வந்தால், கூச்சப்படாமல் அதே இடத்தில் இன்னொரு முறை சரியாகச் சொல்லிவிடுங்கள்.