ஐந்து தோல்விக்காரர் எறிந்த பந்து

நேயர்களுக்கு வணக்கம். கனடாவின் மாண்ட்ரியல் அலுவெட்ஸ் ஃபுட்பால் அணிக்கு குவார்ட்டர்பேக்காக ஆடிய ஆன்டனி கால்வியோவைப் பற்றி இன்று பேசப்போகிறேன்.

கனடிய ஃபுட்பால் என்பது நம்ம ஊர் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. அதில் பத்து யார்டு முன்னேற மூன்றே வாய்ப்புதான். அமெரிக்க ஆட்டத்தில் நான்கு. ஒன்றுதானே குறைகிறது என்று தோன்றும். ஆனால், ஓடி ஓடிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க இங்கே வழியில்லை. பந்தை எறிந்தே ஆக வேண்டும். எறிகிறவர் குவார்ட்டர்பேக். அதனால் பழியும் பெரும்பாலும் அவர் தலையில்தான்.

லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த கால்வியோ, 1994இல் லாஸ் வேகஸில் ஒரே பருவத்தோடு மூடப்பட்ட ஓர் அணியில் தொடங்கினார். அப்புறம் ஹாமில்டன், அங்கே மூன்று வருடமும் சோபிக்கவில்லை. 1998இல் மாண்ட்ரியலுக்கு வந்தவர் கடைசிவரை அங்கேயே இருந்தார். கனடிய லீக்கின் சாம்பியனைத் தீர்மானிக்கும் கிரே கோப்பை இறுதி ஆட்டத்துக்கு எட்டு முறை அணியைக் கொண்டுபோனார். ஐந்து முறை தோல்வி. 2008இல் மாண்ட்ரியலிலேயே, சொந்த ரசிகர்கள் கண்முன்னாலேயே தோற்றார்கள்.

மறு வருடம் கால்கரியில் சஸ்காச்சுவனோடு இறுதி ஆட்டம். கடைசிக் கால்பகுதியில் மாண்ட்ரியல் 11, எதிரணி 27. பலர் நம்பிக்கையை விட்டிருப்பார்கள். கால்வியோ எறிந்துகொண்டே இருந்தார். 27-25 வரை வந்துவிட்டது. கடைசி நொடியில் மாண்ட்ரியல் மூன்று புள்ளிக்காக உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது. சஸ்காச்சுவன் வீரர்கள் துள்ளிக் குதித்தார்கள். ஆனால் விதிமீறல் என்று காட்ட நடுவர் வீசிய கொடி புல்லின் மேல் கிடந்தது. சஸ்காச்சுவன் பக்கம் பன்னிரண்டு பேர் நிற்க வேண்டிய இடத்தில் பதின்மூன்று பேர்! பத்து யார்டு முன்னே வந்து மறுபடி உதைத்தார்கள். 28-27, மாண்ட்ரியல் வென்றது. அதிர்ஷ்டம் என்று இதைச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பதினாறு புள்ளி இடைவெளியை அந்த நொடிக்குள் சுருக்கிக் கொண்டுவந்தது அவர் கைதானே.

2010இல் நெஞ்செலும்புக் காயத்துக்காகப் பரிசோதித்தபோது தைராய்டில் ஒரு கட்டி தெரிந்தது. மூன்று வருடம் முன்புதான் மனைவிக்குப் புற்றுநோய் வந்து, அணியை விட்டு அவர் பக்கத்தில் இருந்தவர். இப்போது தன் கட்டியைப் பற்றி வெளியே சொல்லாமல் பருவத்தின் மிச்சத்தை ஆடினார். எட்மன்டனில் கோப்பையை வென்ற பிறகுதான் செய்தியைச் சொன்னார். அடுத்து அறுவை சிகிச்சை.

2011 அக்டோபர் 10, மாண்ட்ரியல். இன்னொரு குவார்ட்டர்பேக்கான டேமன் ஆலன் மொத்தம் 72,381 யார்டு எறிந்த சாதனை முறியடிக்கப் பாக்கியிருந்தது. கால்வியோ எறிந்த பந்தை ஜமெல் ரிச்சர்ட்சன் பிடித்து எல்லைக்கோட்டைத் தாண்டினார். ஐம்பது யார்டு. சாதனை அவர் வசமானது. அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.