டியர் கிரீக்கில் நான்கு பேர்

வணக்கம். உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதை என்றால் சினிமாவில் ஒரு அப்பா இருப்பார், கையில் துப்பாக்கி இருக்கும், முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் ஒண்டியிருப்பார்கள். எதிரில் வருகிறவனையெல்லாம் சுட்டுத் தள்ளிக் குடும்பத்தைக் காப்பாற்றுவார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிஜமாகவே உலகம் அழிந்துபோன ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் பிழைத்தது வேறு விதமாக.

வடக்குக் கலிஃபோர்னியாவில் டியர் கிரீக், மில் கிரீக் என்று இரண்டு ஓடைகள். அந்தப் பள்ளத்தாக்குகளில் யாஹி என்ற சின்னப் பழங்குடி வாழ்ந்தது. 1848இல் அந்த மாநிலத்தில் தங்கம் கிடைத்தது. அவ்வளவுதான், குடியேறிகள் வந்து குவிந்தார்கள். மான் குறைந்தது, மீன் குறைந்தது. பசிக்கு ஒரு மாட்டைப் பிடித்தால் பதிலுக்கு மனிதர்களைக் கூட்டமாகக் கொன்றார்கள். 1870களில் மிஞ்சியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அப்புறம் அவர்கள் ஒளிந்தார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, கிட்டத்தட்ட நாற்பது வருஷம். காலடி படாமல் கல்லுக்குக் கல் தாவி நடப்பார்கள். புதரை வெட்ட மாட்டார்கள், சத்தம் கேட்கும். அடியில் தவழ்ந்துதான் போவார்கள். நெருப்பும் சின்னதாக, புகை மேலே தெரியாதபடி. ஒருவர் இருமினால் எல்லோருக்கும் ஆபத்து. கிழவிக்கு நடக்க முடியாமல் போனால்? எல்லோரும் அங்கேயே இருக்க வேண்டியதுதான். குடும்பப் பாசம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம், அந்தப் பள்ளத்தாக்கில் அதற்கு இப்படி ஒரு விலை.

1908 நவம்பரில் நான்கு பேர்தான் மிச்சம். மின்சாரக் கம்பெனிக்காக நிலம் அளக்க வந்தவர்கள் அவர்களுடைய குடிசைகளைக் கண்டுவிட்டார்கள். ஒரு கிழவரும் ஒரு பெண்ணும் ஓடி மறைவதைப் பார்த்தார்கள். உள்ளே துணிகளுக்கும் தோல்களுக்கும் அடியில் மூடிக்கிடந்தாள் ஒரு மூதாட்டி. கால் வீங்கியிருந்தது, நடக்க முடியாது. வந்தவர்கள் அவளை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் வில், அம்பு, கூடை, கம்பளி என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஞாபகார்த்தமாக எடுத்துக்கொண்டு போனார்கள்! குளிர்காலம் வாசலில் நிற்கும்போது எடுத்துக்கொண்டு போன ஞாபகார்த்தம்.

மறுநாள் திரும்பி வந்து பார்த்தால் மூதாட்டி இல்லை. மகன் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தான். நான் இந்த இடத்தில்தான் எப்போதும் நின்றுவிடுவேன். ஆட்கள் திரும்பி வருவார்கள் என்று தெரிந்தும், இரவோடு இரவாக அந்தக் குடிசைக்கு வர வேண்டும் அல்லவா?

அம்மா சீக்கிரமே இறந்துபோனாள். ஓடிய இருவரையும் அவன் மறுபடி பார்க்கவே இல்லை. தனியாக மூன்று வருஷம். 1911 ஆகஸ்ட் 29 அன்று ஓரோவில் ஊரில் ஆடுமாடு வெட்டும் கொட்டகை அருகே பட்டினியோடு அவன் அகப்பட்டபோது தலைமுடி குட்டையாகப் பொசுக்கப்பட்டிருந்தது. துக்கத்துக்கு யாஹிகள் செய்வது அது. துக்கம் காக்க இனத்தில் இன்னும் ஒருவன் இருந்தான், அவ்வளவுதான்.

சான்ஃபிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் அவனை வைத்திருந்தார்கள். தன் பெயரை அவன் சொல்லவே இல்லை. அது அவர்கள் வழக்கம். 'இஷி' என்று அழைத்தார்கள். யாஹி மொழியில் 'மனிதன்' என்று பொருள். 1916இல் காசநோயில் இறந்தான். பிரேதத்தை அறுக்கக் கூடாது என்று அவன் நண்பரான மானுடவியலாளர் குரோபர் நியூயார்க்கிலிருந்து எழுதினார். கடிதம் போய்ச் சேருவதற்குள் அறுத்துவிட்டார்கள், மூளையையும் எடுத்துவிட்டார்கள். சரி, அதோடு விட்டார்களா? அதே குரோபர்தான் பிறகு அந்த மூளையை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்தார்!

எண்பது வருஷத்துக்கு மேல் அது அங்கேயே கிடந்தது. 2000இல் யாஹிகளுக்கு உறவுமுறை உள்ள ரெட்டிங், பிட் ரிவர் பழங்குடியினர் போய்க் கேட்டு வாங்கி வந்தார்கள். அஸ்தியோடு சேர்த்து அவன் மண்ணிலேயே புதைத்தார்கள். எந்த இடம் என்று வெளியே யாருக்கும் சொல்லவில்லை.